துண்டுக்குள் நனைந்த கை

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்கிறவனை யாரும் தரகனென்று மதிப்பதில்லை. வாங்குகிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போய்விடும். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு, எந்தக் கணுவை அழுத்தினால் எவ்வளவு என்பதெல்லாம் அந்தச் சின்ன இருட்டுக்குள் நடக்கும். வெளியே இரண்டு முகங்களும் மழை வருமா, மகளுக்கு இடம் அமைந்ததா என்று வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கிற கூட்டம் முகத்தைப் பார்த்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

நஞ்சப்பனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பாதி ஆயுள் அந்தத் துண்டுக்கு அடியிலேயே போயிற்று. அவருடைய அப்பா ஆனைமலை போகும் வழியில் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். தோட்டத்துக்காரர் வீட்டில் கூலியைக்கூட அவர் கையில் படாமல் மேலிருந்துதான் போடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளே பின்னாளில் மாடு வாங்கச் சந்தைக்கு வந்து, நஞ்சப்பன் விரித்த துண்டுக்குள் கை நீட்டினார்கள். விரலோடு விரல் பின்னிக்கொண்டு நின்றார்கள். அதைப் பற்றி நஞ்சப்பன் யாரிடமும் பெருமையடித்ததில்லை. ஆனால் சந்தைநாள் காலையில் தண்ணி வார்த்துக்கொள்ளும்போது வலது கைக்கு மட்டும் இரண்டாம் தரமும் சோப்புப் போடுவார்.

சந்தையில் அவருக்குக் ‘காஞ்ச கை’ என்று பெயர். மாட்டில் ஏதோ ஒன்றை மறைக்கிற தரகனுக்கு உள்ளங்கை ஈரமாகிவிடும் என்பது அங்கே எல்லோரும் நம்புகிற விஷயம். உதைக்கிற பசுவையோ மடி வற்றிய பசுவையோ தலையில் கட்டப் பார்க்கிறவன் முகத்தை என்னதான் சாதுவாக வைத்துக்கொண்டாலும் துண்டுக்குள் கை காட்டிக்கொடுத்துவிடும். நஞ்சப்பன் கை ஒருநாளும் நனைந்ததில்லை. அவர் பிடித்துக்கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு.

அந்தக் கை போன தை மாதத்திலிருந்து வேர்க்க ஆரம்பித்தது.

முதலில் மாட்டிக்கொண்டது அப்துல் குத்தூஸிடம். குத்தூஸ் பாய் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். பால் பண்ணைகளுக்குக் கறவை மாடு பிடித்துக் கொடுக்கிற வியாபாரி. நஞ்சப்பனோடு நெடுநாள் பழக்கம். அன்று ஒரு செவலைப் பசு. இரண்டாம் ஈற்று, மடி நிறைந்து, குற்றம் சொல்ல எதுவுமில்லாத மாடு. துண்டுக்குள் இரண்டு கைகளும் பேச ஆரம்பித்திருந்தன. திடீரென்று நஞ்சப்பனின் நெஞ்சுக்குழியில் யாரோ அடுப்பைப் பற்றவைத்தது போலிருந்தது. சூடு கழுத்தேறி, காது மடலேறி, மண்டைக்குப் போயிற்று. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. உள்ளங்கையில் ஊற்றெடுத்தது.

குத்தூஸ் பாய் பேச்சை நிறுத்தினார். கையை மெதுவாக வெளியே இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“இந்த மாட்டுல என்ன இருக்கு நஞ்சப்பா?”

“ஒண்ணுமில்லீங்க பாய். மடியத் தொட்டுப் பாருங்க. கன்னுக்குட்டி கூடவே நிக்குது.”

“உன் வாய் சொல்லுது. கை வேற என்னமோ சொல்லுதே.”

“வெயிலுங்க.”

குத்தூஸ் பாய் நிமிர்ந்து பார்த்தார். வானம் மூடிக் கிடந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு வீசியது; சந்தைக்கு வந்தவர்கள் தலையில் துண்டைக் கட்டியிருந்தார்கள். அவர் அடுத்த வரிசைக்குப் போனார். அந்த நல்ல மாடு அன்று விலை போகாமலே திரும்பிற்று.

அந்த வேர்வை கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வந்தது. முந்தின வருடம் சிறுநீர் இறங்காமல் தவித்து, கடைசியில் அங்கே போனார். எத்தனையோ பரிசோதனைக்குப் பிறகு டாக்டரம்மா அவரையும் மனைவி பழனியாத்தாளையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். எலும்பிலும் ஓரிரண்டு இடத்தில் புள்ளி தெரிகிறது.

“ஆம்பளைங்க உடம்புல ஒரு ஹார்மோன் சுரக்குதுங்க ஐயா. மீசை, சதைப்பிடிப்பு, வேகம் எல்லாம் அதாலதான். வயசாக ஆக அது தானே கொஞ்சம் கொஞ்சமா குறையும். உங்க நோய் அதைத் தீனியாத் தின்னு வளருது. தீனியை நிறுத்தினா நோய் அடங்கிக் கிடக்கும். பல வருஷம் நல்லா ஓட்டலாம்.”

“எப்படிங்க நிறுத்துவீங்க?”

“ரெண்டு வழி. அதைச் சுரக்கிற விதைகளை ஆபரேஷன்ல எடுத்திரலாம். ஒரே தடவையோட முடிஞ்சிரும். இல்லேன்னா மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும்.”

நஞ்சப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளவட்டத்தில் காளைக்கன்றுகளைக் கட்டிச் சாய்த்து, கிட்டி வைத்து விதையை நசுக்கிக் காயடிக்கும்போது கயிற்றைப் பிடித்தவர் அவர். அதன் பிறகு அந்தக் கன்று என்னவாகும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. திமில் வற்றும். அடித்தொண்டைச் சத்தம் போகும். கழுத்தும் வயிறும் சதை போடும். சின்னப் பையன் வந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாலும் பின்னாலேயே போகும். விற்கும்போது அவரே எத்தனை பேரிடம் அதைக் குணமாகச் சொல்லியிருக்கிறார்.

“ஊசியே போடுங்க,” என்றார்.

டாக்டரம்மா என்னென்ன வரும் என்று ஒளிக்காமல் சொன்னார். எலும்பு மெலியும், நடக்க வேண்டும். தொப்பை போடும். ஆசை குறையும். சின்ன விஷயத்துக்கும் கண் கலங்கும். குப்பென்று சூடேறி வேர்க்கும். “உடம்புச் சூட்டைக் கவனிக்கிற இடம் மூளையில இருக்கு. ஹார்மோன் இறங்கினதும் அதுக்குக் குழப்பம். சூடில்லாதப்பவே சூடுன்னு நினைச்சு வேர்க்க வைக்கும். பொம்பளைங்களுக்கு மாதவிலக்கு நிக்கிற வயசுல வர்றதும் இதேதான். அவங்களுக்கு வயசு செய்யறதை உங்களுக்கு ஊசி செய்யுது.”

பழனியாத்தாள் சட்டென்று நிமிர்ந்தாள். தனக்கு வந்தது என்னவென்று அவளுக்கு அன்றைக்குத்தான், புருஷனின் நோய் வழியாகத் தெரிந்தது.

திரும்பி வருகிற பஸ் கிணத்துக்கடவைத் தாண்டியது. பிறகு நஞ்சப்பன் சொன்னார்: “பையன்கிட்ட மூத்திரக் கோளாறுன்னு மட்டும் சொல்லு. ஊருக்குள்ள அதுகூட வேண்டாம்.”

பழனியாத்தாள் தேங்காய் நார் மில்லில் வேலை பார்க்கிறவள். அங்கே தூசுக்கும் இயந்திரச் சத்தத்துக்கும் நடுவில் மூன்று வருடம் அவள் இதே வெக்கையோடு நின்றாள். சேலை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சக வேலைக்காரிகள் கேட்டால் தூசு அலர்ஜி என்பாள். குத்தூஸ் கையை இழுத்துக்கொண்ட அன்று மத்தியானம் நஞ்சப்பன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, மின்விசிறிக்கு நேர்கீழே தரையில் உட்கார்ந்தார். பழனியாத்தாள் நனைத்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர் பிடரியில் போட்டாள்.

“நெம்ப வேர்க்குதுங்களா?”

“உள்ளுக்குள்ள கொள்ளி வெச்ச மாதிரி இருக்குது புள்ள.”

“எனக்கு இது வந்தப்போ இந்தக் காத்தாடியைத்தான் நிறுத்தினீங்க. குளுருதுன்னு.”

நஞ்சப்பன் ஈரத் துண்டைப் பிடரியோடு அழுத்திக்கொண்டார்.

“எந்நேரமும் எரிஞ்சு விழறான்னு உங்கக்காகிட்டப் போய்ச் சொன்னீங்க. அவ என்னைய மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனா.” சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். “இப்ப யாரைக் கூட்டிட்டுப் போறது? கம்முன்னு உக்காருங்க. சித்த நேரத்துல போயிரும். போனதும் குளுரும், அப்பத் துண்டை எடுத்துப்போடுங்க. சூடா டீ குடிக்காதீங்க. மோர் கரைச்சு வெக்கறேன்.”

அவள் சொன்னபடியேதான் நடந்தது. வெக்கை இறங்கி, முதுகு சில்லிட்டது. தன் உடம்புக்குள் அடுத்து என்ன நடக்கும் என்று பெண்டாட்டிக்குத் தெரிந்திருப்பது நஞ்சப்பனுக்கு ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

“உனக்கு இது எப்ப நின்னுது?”

“அதுவா ஒருநா நின்னுபோச்சுங்க. நானே மறந்துட்டேன்.” மோரை நீட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: “உங்களுக்கு?”

அவருக்குப் பதில் தெரியும். போன ஊசியின்போது டாக்டரம்மாவிடம் அதைத்தான் கேட்டிருந்தார். ஊசியை விட்டால் மெல்ல மெல்ல வேர்வை நிற்கும் என்று அவர் சொன்னார். நோயும் மெல்ல எழுந்து உட்காரும் என்றும் சொன்னார்.

சந்தையில் செய்தி பரவ அதிக நாள் ஆகவில்லை. நஞ்சப்பன் கை நனைகிறதாம். அந்தச் செவலையில் என்னமோ மறைத்தானாம். இரண்டு வாரத்தில் பாலக்காட்டு வியாபாரி ஒருவர் துண்டுக்குள் கை விட்டதும் எடுத்துவிட்டார். அதற்கடுத்த வாரம் விற்கிறவர்களே விலகினார்கள்; தங்கள் மாட்டை அவர் பிடித்தால் மாட்டுக்கே குற்றம் இருப்பதாக நினைப்பார்கள் என்ற பயம். அந்த மாடுகள் மயில்சாமி கைக்குப் போயின. மயில்சாமியும் தரகர்தான். வாய் சும்மா இருக்காது, மற்றபடி கெட்டவர் இல்லை.

ஒருநாள் டீக்கடையில் நாலைந்து பேர் நடுவே அவர் நஞ்சப்பனின் தோளைத் தட்டினார். “ஏனப்பா நஞ்சப்பா, யாவாரம் இல்லாதயே கழுத்துல சதை போடுது! காயடிச்ச எருதாட்டம் மினுமினுன்னு ஆயிட்டே. ஊட்டுல என்ன தீனி?”

எல்லோரும் சிரித்தார்கள். நஞ்சப்பனும் சிரித்தார். சட்டைக்குள் மார்பு லேசாகக் கனத்து, துணி உரசினாலே நோகிற நாட்கள் அவை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாடு கட்டியிருந்த பக்கம் போனார். அங்கே தாயிடமிருந்து பிரித்து வண்டியேற்றிய ஒரு கன்று கத்திக்கொண்டிருந்தது. ஆயிரம் கன்று பிரிவதைப் பார்த்தவர், அன்று வண்டிச் சக்கரத்தின் மறைவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை வந்ததைவிட, அது ஊசியால் வருகிறதா கன்றுக்காக வருகிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாததுதான் அவரை வதைத்தது.

உண்மையைச் சொன்னால் கைக்கு வந்த பழி போய்விடும். ஆனால் உண்மையைச் சொன்னால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் ஊசியைச் சொல்ல வேண்டும். ஊசி என்ன செய்யும் என்று யாராவது கேட்பார்கள். கேட்ட மறுநாள் மயில்சாமியின் கேலி கேலியாக இருக்காது, பட்டப்பெயராகிவிடும். சொல்லாவிட்டால் ஏமாற்றுக்காரன். சொன்னால் எருது. ஊசியை விட்டால் காய்ந்த கையோடு கொஞ்ச காலம், அப்புறம் சுடுகாடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கொம்பு தட்டுகிற லாரியில் ஏற்றிய மாடு போல அவர் அந்த மூன்றுக்கும் நடுவில் நின்றார்.

“அடுத்த ஊசிக்குப் போகலே,” என்று ஒருநாள் சொன்னார். அதற்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

பழனியாத்தாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “அப்புறம்?”

“கை காஞ்சிரும்.”

“காஞ்ச கையை வெச்சு நான் என்ன பண்றது?” என்றாள். குரல் உயரவில்லை. “அத்தனை பேர் கையைப் புடிச்சீங்களே, அதுல ஒருத்தர் கூடவா உங்களை நம்ப மாட்டாங்க? அந்த பாய்கிட்டயாச்சும் சொல்லிப்போடுங்க.”

இரண்டு நாள் யோசித்தார். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கையை ஒரு தரம் மட்டும் கழுவிக்கொண்டு சந்தைக்குப் போனார். குத்தூஸ் பாய் வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தார். நஞ்சப்பன் நேராக அவர் முன்னால் போய்த் துண்டை விரித்தார்.

“கை குடுங்க பாய்.”

“எந்த மாட்டுக்கு?”

“மாடு இல்லீங்க. சும்மா புடிங்க. நான் சொல்ற வரைக்கும் உடாதீங்க.”

குத்தூஸ் பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். பழைய பழக்கத்தின் மரியாதைக்காகக் கையை நீட்டினார். இருவரும் நின்றார்கள். கூப்பிடாதபோதெல்லாம் வந்து உலுக்குகிற அந்த வெக்கை, வேண்டுமென்று காத்திருந்தபோது வரவில்லை. கை கட்டை போல உலர்ந்து கிடந்தது. நேரம் போயிற்று. துண்டு விரிந்தால் கூட்டம் சேராமல் இருக்குமா? பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

“எந்த மாடுப்பா?” என்று மயில்சாமி கழுத்தை நீட்டினார். “இத்தனை நேரம் பேசறாங்கன்னா வடக்கத்தி எருமையாத்தான் இருக்கோணும்!”

“உங்க ஊட்டு எருமைங்க,” என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

“சம்சாரம் சௌக்கியமா பாய்?” நஞ்சப்பன் பேச்சுக்காகக் கேட்டார்.

“ஆமினாவுக்கு என்ன, சர்க்கரைதான் பாடாப் படுத்துது,” என்றார் குத்தூஸ் பாய் பேச்சுக்காக.

அப்போது வந்தது. நெஞ்சில் மூண்டு, கழுத்துக்கு ஏறி, நெற்றியில் கொட்டி, கைக்கு இறங்கியது. குத்தூஸ் பாயின் கண்கள் விரிந்தன. கையை இழுக்கப்போனார், நஞ்சப்பன் விடவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தண்ணீர் கசிந்தது. மாடு இல்லை, விலை இல்லை, மறைக்க ஒன்றுமில்லை. அப்படியும் கை நனைந்தது. கொஞ்ச நேரத்தில் வெக்கை இறங்கி, ஈரக் கை பனிக்கட்டியாகச் சில்லிட்டது.

“பாத்தீங்களா பாய்,” என்றார் நஞ்சப்பன் தணிந்த குரலில். “நான் அன்னிக்கிப் பொய் சொல்லலீங்க. இது வந்துங்க...”

சொல்லத்தான் வந்திருந்தார். பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளை அடுக்கிக்கூட வைத்திருந்தார். சுற்றி நின்ற பத்து முகங்களும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தன.

“அட, சர்க்கரை இறங்குதா நஞ்சப்பா உனக்கு?” குத்தூஸ் பாயே முந்திக்கொண்டார். “ஆமினாவுக்கு இதே மாதிரிதான். மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா இப்படித்தான் வேர்த்து ஊத்தும், அப்புறம் சில்லுன்னு ஆயிரும்! இதைச் சொல்றதுக்கென்னப்பா?”

நஞ்சப்பன் வாயைத் திறந்தார். அடுக்கி வைத்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

“ஆமாங்க,” என்றார்.

கூட்டம் மொத்தமும் மூச்சு விட்டது. சர்க்கரை! அதில் என்ன ரகசியம்? அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்கு அது இருந்தது. ஒருவர் தன் அளவைச் சொன்னார். இன்னொருவர் வெந்தயம் ஊறவைக்கச் சொன்னார். மயில்சாமி ஓடிப்போய்க் கடலைமிட்டாய் வாங்கி வந்து, “முதல்ல இதைக் கடி. நான் வேற உன்னைக் கண்டபடி பேசிப்போட்டேன்,” என்று வாயிலேயே திணித்தார். குத்தூஸ் பாய் இன்னும் அவர் கையை விடவில்லை. அந்த ஈரத்தோடேயே விரலை மாற்றிப் பிடித்து, எதிரே கட்டியிருந்த காராம்பசுவைக் கண்ணால் காட்டி, விலை கேட்டார்.

வியாபாரம் திரும்பிற்று. பேரத்துக்கு நடுவில் நஞ்சப்பனின் நெற்றி மினுங்கினால் போதும், யாராவது ஒருவர் பையிலிருந்து மிட்டாயை எடுத்துவிடுவார்கள். மயில்சாமி சந்தைநாள்தோறும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். மறுத்தால் உரிமையோடு திட்டினார்கள். கழுத்துச் சதையைப் பற்றிய கேலி நின்றுபோயிற்று. நோயாளியை யார் கேலி செய்வார்கள்?

ஊசி நாளில் பழனியாத்தாள் கேட்குமுன்பே அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கை நனைந்தாலும் இனிப் பழியில்லை. ஊசியைப் போட்டுக்கொள்ளலாம், உயிரோடும் இருக்கலாம்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். “நோய் நல்லா அடங்கியிருக்கு. ஆனா சர்க்கரை எல்லைக்கு வந்திருச்சே? இந்த ஊசிக்கே கொஞ்சம் ஏறும். அதுக்காக இவ்வளவா? இனிப்பு அதிகம் சாப்பிடறீங்களா ஐயா?”

நஞ்சப்பன் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தோள் குலுங்கியது.

“சந்தையில குடுக்கறாங்கங்க,” என்றார்.

“குடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க. இல்லேன்னா இதுக்கும் மாத்திரை எழுத வேண்டி வரும்.”

வெளியே வந்ததும் பழனியாத்தாள் சிரிப்பை விட்டாள். பிறகு சிரிப்பு போய் அவர் முகத்தைப் பார்த்தாள். “இப்பவாச்சும் அந்த பாய்கிட்ட நெசத்தைச் சொல்லிப்போடுங்க,” என்றாள். அவர் பஸ் வருகிறதா என்று பார்த்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு கறுப்பு மாட்டுக்குத் துண்டு விரிந்தது. விரல்கள் பாதி பேசி முடித்திருந்தபோது வெக்கை எழுந்தது. குத்தூஸ் பாய் இடது கையால் சட்டைப் பையைத் துழாவிக் கடலைமிட்டாயை எடுத்தார். ஆமினாவுக்காகவே வாங்கிப் பையில் வைத்திருப்பது, இப்போது இரண்டு பேருக்கு.

“வேண்டாங்க பாய். இன்னிக்கி வேண்டாம்.”

“வாயைத் திற. மயக்கம் போட்டு உழுந்தா உன் சம்சாரத்துக்கு நானா பதில் சொல்றது?”

நஞ்சப்பன் துண்டுக்குள் தன் கையைப் பார்க்க முடியாமல், அது நனைவதை மட்டும் உணர்ந்துகொண்டு நின்றார். பிறகு வாயைத் திறந்தார். மிட்டாயைக் கடிக்காமல் கன்னத்தில் ஒதுக்கிவைத்தார். பாய் அந்தப் பக்கம் திரும்பினால் துப்பிவிடலாம்.

குத்தூஸ் பாய் திரும்பவில்லை. அவர் கையைப் பிடித்தபடி, அதை மென்று விழுங்குகிற வரைக்கும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.